பல் போனால் புல்லும் போச்சு: வயதான குதிரைக்கு என்ன கொடுப்பது?



ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் பள்ளி அறிவியல் கழக மாணவர்களை ஒரு குதிரை லாயத்துக்கு அழைத்துச் சென்றேன். ஆளுக்கொரு பை கேரட் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். குதிரைக்குக் கேரட் கொடுப்பது நல்ல காரியம்தானே என்பது என் நினைப்பு.

லாயத்தின் கடைசித் தடுப்பில் ஒரு பழைய பந்தயக் குதிரை நின்றது. வயது 27. அங்கே வேலை செய்பவர்கள் அதைத் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதன் முன்னால் உலர்புல் நிறைந்து கிடந்தது. ஆனாலும் விலா எலும்புகளை ஒன்று, இரண்டு என எண்ணிவிடலாம். முதுகெலும்பு கூரை முகடு போலத் துருத்திக்கொண்டிருந்தது.

ஒரு மாணவி கேரட்டை நீட்டினாள். முப்பது ஆண்டுகளாகக் குதிரைகளோடு இருக்கும் பராமரிப்பாளர் ஓடிவந்து தடுத்தார். "வேணாம்மா! இவனுக்கு அதைக் கொடுத்தா தொண்டையில சிக்கிக்கும்!" அந்த மாணவி என்னைப் பார்த்துக் கேட்டாள். "டீச்சர், முன்னால இவ்வளவு புல் கிடக்குதே, அப்புறம் ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்கு?"

அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு பராமரிப்பாளரிடமும் கால்நடை மருத்துவரிடமும் கேட்டு, நூல்களைப் புரட்டித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். படிவம் 2 அறிவியலில் நீங்கள் படித்த 'ஊட்டச்சத்து' பாடம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

ஏன் இது நம் ஊர்க் கதை?

சிங்கப்பூரில் 180 ஆண்டுகளுக்கு மேல் நடந்துவந்த குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் நாள் கிராஞ்சித் திடலில் கடைசி ஓட்டத்தோடு முடிவுக்கு வந்தது. திடல் மூடப்படலாம், குதிரைகள் மறைந்துவிடுவதில்லையே. பந்தயக் குதிரை பொதுவாக 2 வயதில் ஓடத் தொடங்கும். 10 வயதுக்குள் பெரும்பாலானவை ஓய்வு பெற்றுவிடும். ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வாழும். இங்கிலாந்தில் 1760-இல் பிறந்த 'ஓல்ட் பில்லி' என்ற குதிரை 62 ஆண்டுகள் வாழ்ந்து 1822-இல் இறந்தது.

அப்படியென்றால், ஓடி முடித்த ஒரு குதிரைக்கு இன்னும் 15, 20 ஆண்டுகள் யாராவது சோறு போட வேண்டும். அந்தக் கடைசி ஆண்டுகளில் அன்பு மட்டும் போதாது, அறிவியலும் வேண்டும்.

பல்லைப் பிடித்துப் பார்ப்போம்

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்பார்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் பல்தான் பிறப்புச் சான்றிதழ். பல்லைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடலாம் என்பதால் பிறந்த பழமொழி அது.

குதிரைக்கு முன்னால் 12 வெட்டுப் பற்கள், பின்னால் 24 அரைக்கும் பற்கள். இளம் குதிரையின் அரைக்கும் பல் ஒவ்வொன்றும் 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளம். அதில் பெரும்பகுதி தாடைக்குள் மறைந்திருக்கும். பேனா பென்சிலில் முனை தேயத் தேயக் குச்சியை மேலே தள்ளுகிறோம் அல்லவா? அதுபோல, புல்லை அரைத்துப் பல் தேயத் தேய, உள்ளே இருக்கும் பகுதி ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வெளியே வரும்.

ஒரு கணக்குப் போடுங்கள். 80 மில்லிமீட்டர் பல், ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் தேய்ந்தால் எத்தனை ஆண்டுகள் வரும்? ஏறத்தாழ 27. தாத்தாவின் வயதும் 27! பென்சிலில் குச்சி தீர்ந்துவிட்டது. மிஞ்சியிருப்பவை வழவழப்பான கட்டைகள். சில பற்கள் விழுந்தும் விட்டன.

அதன் காலடியில் ஈரமான புல் உருண்டைகள் கிடந்ததை நாங்கள் கவனித்திருந்தோம். குதிரை புல்லை வாயில் போட்டுச் சுழற்றும், அரைக்க முடியாமல் உருண்டையாகத் துப்பிவிடும். தூரத்தில் நின்று பார்த்தால் சாப்பிடுவது போலவே இருக்கும். உண்மையில் வயிற்றுக்குள் எதுவும் போவதில்லை. பல் போனால் சொல் போச்சு என்பது மனிதனுக்கு. குதிரைக்குப் பல் போனால் புல்லும் போச்சு.

வாய்க்குப் பின்னால் ஒரு புளிப்புத் தொட்டி

ஏன் அரைப்பது அவ்வளவு முக்கியம்? புல்லின் பெரும்பகுதி செல்லுலோஸ். அதைச் செரிக்கும் நொதி மனிதனிடமும் இல்லை, குதிரையிடமும் இல்லை. மாடு தன் நான்கறை வயிற்றில் நுண்ணுயிர்களை வளர்த்து அந்த வேலையை முடித்துக்கொள்கிறது. குதிரைக்கு இருப்பதோ ஒரே ஓர் அறை கொண்ட சிறிய வயிறு. கொள்ளளவு 8 முதல் 15 லிட்டர்தான். அதன் நுண்ணுயிர்த் தொட்டி பின்னால், சிறுகுடலைத் தாண்டி இருக்கிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள பை போன்ற குருட்டுக்குடலும், அதைத் தொடர்ந்து பருத்த பெருங்குடலும்தான் அந்தத் தொட்டி. நமக்குச் சிறு பையாகச் சுருங்கிவிட்ட குருட்டுக்குடல், குதிரைக்கு உயிர்நாடி.

அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒன்று நம் சமையலறை வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம். இந்த அமிலங்கள் இரத்தத்தில் கலந்து குதிரைக்குச் சக்தி தருகின்றன. ஆனால் புல் நீளநீளமாகவே போய்ச் சேர்ந்தால் நுண்ணுயிர்களால் அதன் உள்ளே நுழைய முடியாது. அரைபட்டால்தான் மேற்பரப்பு பெருகும்.

அரைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. மென்றால்தான் குதிரைக்கு எச்சில் ஊறும். நாள் முழுதும் மேயும் குதிரைக்கு ஒரு நாளில் 35 லிட்டர் வரைகூட ஊறலாம். அதிலுள்ள பைகார்பனேட் வயிற்று அமிலத்தின் கடுமையைக் குறைக்கிறது. எச்சில் குறைந்தால் உணவு வறண்டு தொண்டைக் குழாயில் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. அடைத்த உணவும் எச்சிலும் மூக்கு வழியே ஒழுகும். நான் கொண்டுவரச் சொன்ன கேரட் துண்டு செய்திருக்கக்கூடிய வேலை இதுதான். பல் இல்லாத குதிரைக்குக் கேரட் கொடுக்க வேண்டுமானால் துருவித்தான் கொடுக்க வேண்டும்.

புல்லுக்குப் பதில் புல்தான்

பாட்டிக்குப் பல் போய்விட்டால் நாம் சோறு போடுவதை நிறுத்துவதில்லை, கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுக்கிறோம். குதிரைக்கும் அதே வழிதான். நார் கட்டாயம் வேண்டும், அதன் வடிவம்தான் மாற வேண்டும்.

முதல் வேலை, பல் மருத்துவம். குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது. அதனால் பற்களின் ஓரங்கள் சீராகத் தேயாமல் கத்தி போலக் கூர்மையாகி, கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். மருத்துவர் அரத்தால் அந்தக் கூர்மையை ராவிவிடுவார். இதைச் செய்யாமல் விலை உயர்ந்த தீவனம் வாங்குவது, ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பது போல.

இரண்டாவது, ஊறவைத்த தீவனம். உலர்புல்லைப் பொடித்து அழுத்திய கட்டிகள், குதிரைமசால் குளிகைகள், சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் பீட் கிழங்குச் சக்கை, வயதான குதிரைகளுக்கென்றே நாரோடு சேர்த்துத் தயாரிக்கப்படும் குளிகைகள் ஆகியவை இதற்குப் பயன்படும். இவற்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிக் கொடுக்க வேண்டும். வெதுவெதுப்பான நீர் என்றால் சீக்கிரம் ஊறும். ஆனால் நம் ஊர் வெப்பத்தில் ஊறிய தீவனம் சில மணி நேரத்தில் புளித்துவிடும். காலையில் மிஞ்சியதை மாலையில் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, பொறுமை. தீவனத்தை ஒரே நாளில் மாற்றக் கூடாது. பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, 7 முதல் 14 நாள்களில் மாற்ற வேண்டும். குடலில் இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் புதிய உணவுக்குப் பழக வேண்டுமே!

எவ்வளவு? கணக்கு வாத்தியாரைக் கூப்பிடுங்கள்

லாயத்தில் எடைமேடை இல்லை. ஓர் அளவுநாடா போதும் என்றார் மருத்துவர். முன்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அளக்க வேண்டும். பிறகு தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளத்தை அளக்க வேண்டும். இரண்டும் சென்டிமீட்டரில். பிறகு இந்தச் சூத்திரம்:

எடை (கிலோ) = சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880

எங்கள் மாணவர்கள் அளந்தபோது தாத்தாவின் சுற்றளவு 178, நீளம் 160. 178 × 178 × 160 ÷ 11,880 = ஏறத்தாழ 427 கிலோ. அதன் உயரத்துக்கு 480 கிலோவாவது இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். 50 கிலோவுக்கு மேல் குறைவு!

குதிரைக்கு ஒரு நாளில் அதன் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு உலர் தீவனம் வேண்டும். இளைத்த குதிரைக்கு இப்போதைய எடையை வைத்துக் கணக்கிடாமல், இருக்க வேண்டிய எடையை வைத்துக் கணக்கிட வேண்டும். 480 கிலோவுக்கு 7.2 முதல் 9.6 கிலோ வரும். வயிறு சிறியது என்பதால் இதை ஒரே வேளையில் கொட்டக் கூடாது. நான்கைந்து வேளையாகப் பிரிக்க வேண்டும். பக்கத்தில் இளம் குதிரைகள் இருந்தால் தாத்தாவைத் தள்ளிவிட்டுத் தின்றுவிடும். எனவே தனியாக வைத்துத்தான் ஊட்ட வேண்டும்.

எடையோடு உடல்நிலையையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் டெக்சஸ் ஏ&எம் பல்கலைக்கழகத்தில் டான் ஹென்னகி 1983-இல் வெளியிட்ட அளவுகோலில் 1 என்றால் எலும்பும் தோலும், 9 என்றால் அளவுமீறிய கொழுப்பு. நடுவில் இருக்கும் 5 நல்ல நிலை. விலா, முதுகு, கழுத்து, வால் அடி என்று தடவிப் பார்த்தே புள்ளி போடலாம். தாத்தாவுக்குக் கிடைத்தது 3.

இளைத்தவனுக்கு எள்ளு

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று நம் பாட்டிமார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எள்ளில் இருப்பது எண்ணெய். ஒரு கிராம் மாவுச்சத்து ஏறத்தாழ 4 கிலோகலோரி தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 தரும். 250 மில்லிலிட்டர் தாவர எண்ணெயில் 2,000 கிலோகலோரிக்கு மேல் இருக்கிறது. ஓய்வில் இருக்கும் 500 கிலோ குதிரையின் ஒரு நாள் தேவையில் இது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு.

குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. ஆனால் கல்லீரலிலிருந்து பித்தநீர் ஓயாமல் சொட்டிக்கொண்டே இருப்பதால் எண்ணெயைச் செரித்துவிடும். இரண்டு கரண்டியில் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டினால் போதும். எண்ணெயைக் கூட்டும்போது வைட்டமின் ஈ-யையும் கூட்ட வேண்டும்.

"அரிசி, சோளம், ஓட்ஸ் கொடுத்தால் சீக்கிரம் கொழுக்காதா?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் ஆபத்து. மாவுச்சத்து சிறுகுடலிலேயே செரித்துவிட வேண்டும். ஒரே வேளையில் அளவுக்கு மீறிப் போனால், மிஞ்சியது பின்னால் இருக்கும் புளிப்புத் தொட்டிக்குள் விழும். அங்கே லாக்டிக் அமிலம் பெருகும், பிஎச் சரியும், நார் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும். விளைவு, கடுமையான வயிற்றுவலி. சில சமயம் குளம்புக்குள் இருக்கும் திசுக்கள் வீங்கி, குதிரை நிற்கவே முடியாமல் போகும். வயிற்றில் நடந்த தவறு காலில் போய் வலிக்கும்!

எடை கூடினால் மட்டும் போதாது, தசையும் கூட வேண்டும். அதற்குப் புரதம் தேவை. புரதத்திலும் லைசின் என்ற அமினோ அமிலம்தான் குதிரைக்கு முதலில் பற்றாக்குறையாகும். சோயாப் பிண்ணாக்கிலும் குதிரைமசாலிலும் அது நிறைய இருக்கிறது.

தவிடு: அன்பால் நேரும் தவறு

வயதான குதிரைக்குத் தவிட்டுக் கூழ் கொடுப்பது பல நாடுகளில் பழைய வழக்கம். மெத்தென்று இருக்கும், குதிரையும் ஆசையாகத் தின்னும். ஆனால் தவிட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். குதிரைக்கோ கால்சியம்தான் கூடுதலாக, ஒன்றரை முதல் இரண்டு மடங்காக இருப்பது நல்லது. நாள்தோறும் தவிட்டையே கொடுத்தால், இரத்தத்தில் குறையும் கால்சியத்தை ஈடுகட்ட உடல் தன் எலும்பையே கரைக்கும். கரைந்த இடத்தை நார்த்திசு நிரப்பி முகம் வீங்கும். இதைப் 'பெருந்தலை நோய்' எனலாம். முன்பு மாவு ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கு மலிவாகக் கிடைத்த தவிடே உணவாக இருந்ததால், இதற்கு 'ஆலைக்காரன் நோய்' என்றும் பெயர் வந்தது.

வெப்பமண்டலத்தில் இன்னொரு மறைமுக எதிரியும் உண்டு. மலேசியாவில் சாலையோரங்களில்கூட வளரும் நேப்பியர் போன்ற புல்வகைகளில் ஆக்ஸலேட் இருக்கிறது. அது கால்சியத்தோடு சேர்ந்து கரையாத கால்சியம் ஆக்ஸலேட்டாகிவிடும். வேதியியல் படிக்கும் அண்ணன், அக்காமாருக்கு இது வெறும் 'வீழ்படிவு'. குதிரைக்கோ, கண்ணுக்கெதிரே கால்சியம் இருந்தும் கைக்கு எட்டாத நிலை. அதனால் இந்தப் புல்லை மட்டுமே நம்பக் கூடாது. கால்சியம் மிகுந்த குதிரைமசாலையோ, மருத்துவர் சொல்லும் தாது உப்பையோ சேர்க்க வேண்டும்.

டப்பாவில் வருவதெல்லாம் தேவையா?

கடைகளில் குதிரைக்கென்று வண்ண வண்ண டப்பாக்களில் சத்து மாவுகள் விற்கிறார்கள். வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள். 'இதைக் குதிரையின் உடல் தானே செய்துகொள்கிறதா?'

வைட்டமின் சி-யை மனிதனால் தயாரிக்க முடியாது, குதிரையின் கல்லீரல் தயாரித்துவிடும். வைட்டமின் பி வகைகளைக் குடல் நுண்ணுயிர்கள் தருகின்றன. வெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும். ஆனால் வைட்டமின் ஈ பச்சைப் புல்லில்தான் நிறைய உண்டு. புல்லை உலர்த்திச் சேமிக்கும்போது பெரும்பகுதி அழிந்துவிடும். எனவே உலர்புல்லையே நம்பி வாழும் குதிரைக்கு வைட்டமின் ஈ உண்மையாகவே தேவை.

உப்பும் அப்படித்தான். குதிரையின் வியர்வை அதன் இரத்தத்தைவிட உப்பானது. நம் ஊரில் சும்மா நின்றாலே வியர்க்கிறது! 500 கிலோ குதிரைக்கு ஓய்வில்கூட நாளுக்குச் சுமார் 10 கிராம் சோடியம் வேண்டும். உப்பில் சோடியத்தின் பங்கு 23-ஐ 58.5-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 39 விழுக்காடு. ஆகவே ஏறத்தாழ 25 கிராம் சாதாரண உப்பு. வியர்த்தால் இன்னும் கூட வேண்டும். பக்கத்தில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும்.

மூட்டுவலிக்கு என்று விற்கப்படும் குளுக்கோசமைன் பொடிகளோ வேறு. குதிரைக்கு அவற்றால் பயன் உண்டு என்பதற்கான சான்று வலுவாக இல்லை. அந்தப் பணத்தைப் பல் மருத்துவருக்குக் கொடுப்பது மேல்.

வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்

இளைத்துப்போவதற்கு எப்போதும் முதுமைதான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. 15 வயதைக் கடந்த குதிரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு மூளையின் அடியில் உள்ள பிட்டியூட்டரி சுரப்பியில் கோளாறு வருகிறது. அதை அடக்கி வைக்கும் டோபமின் குறைந்து, சுரப்பி அளவுமீறி வேலை செய்யும். தசை கரையும், உடலில் உரோமம் நீண்டு உதிராமல் நிற்கும், குளம்பு நோய் எளிதில் வரும். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து நாள்தோறும் மாத்திரை கொடுத்துக் கட்டுப்படுத்தலாம். இந்த நோயுள்ள பல குதிரைகளுக்கு நம் சர்க்கரை நோயாளிகளைப் போலச் சர்க்கரையும் மாவுச்சத்தும் குறைவான உணவுதான் ஏற்றது. ஆகவே, முதலில் பரிசோதனை, பிறகு தீவனம். வரிசை மாறினால் நாம் கொடுக்கும் உணவே நஞ்சாகும்.

தாத்தாவுக்கு அந்த நோய் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. பல்லை ராவி, ஊறவைத்த தீவனத்தை நாளுக்கு ஐந்து வேளை கொடுக்கத் தொடங்கினார்கள். எண்ணெயும் சோயாவும் சேர்ந்தன. மூன்று மாதம் கழித்து மீண்டும் போனோம். அதே அளவுநாடா, அதே மாணவி. சுற்றளவு 183. கணக்குப் போட்டால் 451 கிலோ! விலா எலும்புகளை எண்ண முடியவில்லை, தடவித்தான் பார்க்க முடிந்தது.

போன பல் திரும்ப வராது. இனி அதன் வாழ்நாள் முழுதும் யாராவது தினமும் ஐந்து முறை வாளியில் கூழ் கரைத்தாக வேண்டும். "ஓடினப்போ எத்தனையோ பேரு கை தட்டினாங்க. இப்ப வாளி தூக்க நான் ஒருத்தன்தான்," என்று சிரித்தார் பராமரிப்பாளர். இம்முறை என் மாணவர்கள் கேரட்டைத் துருவிக் கொண்டுவந்திருந்தார்கள்.

செய்து பாருங்கள்

ஒரே எடையுள்ள இரண்டு கற்கண்டுகளை எடுங்கள். ஒன்றை அப்படியே ஒரு குவளைத் தண்ணீரில் போடுங்கள். மற்றொன்றை நன்றாகப் பொடித்து, அதே அளவு தண்ணீர் உள்ள இன்னொரு குவளையில் போடுங்கள். கலக்காமல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எது முதலில் கரைகிறது? ஏன்? விடையைத் தாத்தாவின் பற்களோடு பொருத்தி நான்கு வரியில் எழுதுங்கள்.

அப்படியே இன்னொரு கேள்வி. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி சாப்பாட்டைத் தட்டிலேயே மிச்சம் வைத்தால், 'பசியில்லை போல' என்று விட்டுவிடுகிறீர்களா? அடுத்த முறை ஏன் என்று கேட்டுப் பாருங்கள். பல்லாகக்கூட இருக்கலாம்.